சிரிக்க வைப்பவருக்குச் சொந்த வீடு உண்டா? திருவனந்தபுரத்துப் பேச்சும் தொலைக்காட்சி நகைச்சுவையும்

தொலைக்காட்சி நகைச்சுவை குறித்த ஆய்வுகளில் பல, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்னும் வினாவோடு தொடங்கி அதனோடு நின்றுவிடுகின்றன. அதற்கு நிகராகக் கேட்கப்பட வேண்டிய இன்னொரு வினா உண்டு: அந்தச் சிரிப்பு யாருடைய வீட்டில் நிகழ்கிறது? சிட்காம் எனப்படும் சூழல் நகைச்சுவைத் தொடர் பெரும்பாலும் ஒரு வீட்டின் கதையே. அதே கூடம், அதே நாற்காலி, அதே சமையற்கட்டு. நிகழ்ச்சிகள் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். அந்த வீட்டின் தலைவராக ஒரு நகைச்சுவைக் கலைஞரை அமர்த்தும்போது அவருடைய பேச்சும் நிறமும் பிறந்த ஊரும் அந்த வீட்டின் இயல்பாகிவிடுகின்றன. அதே கலைஞர் இன்னொருவர் வீட்டுக்கு வேலைக்காரராகவோ கடன் கேட்பவராகவோ வந்து போனால், அதே பேச்சும் நிறமும் சிரிப்புக்கான காரணங்களாகிவிடுகின்றன. இந்த வேறுபாட்டை அமெரிக்கக் கறுப்பின மக்களின் தொலைக்காட்சி வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. திருவனந்தபுரத்தின் நகைச்சுவை மரபை அதனருகில் வைத்துப் பார்த்தால், கேரளம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதும் எங்கே நின்றுவிட்டது என்பதும் ஒருசேரப் புலப்படும்.

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2001 முதல் 2006 வரை ஒளிபரப்பான ‘தி பெர்னி மேக் ஷோ’வை முதலில் எடுத்துக்கொள்ளலாம். சிகாகோவில் பிறந்து வளர்ந்த பெர்னி மேக் மேடைச் சிரிப்புரையில் பெயர் பெற்றவர். 2000ஆம் ஆண்டு ஸ்பைக் லீ இயக்கத்தில் வெளிவந்த ‘தி ஒரிஜினல் கிங்ஸ் ஆஃப் காமெடி’ என்னும் மேடை நிகழ்ச்சிப் படத்தில், சகோதரியின் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்து வளர்க்க நேர்ந்த கதையை அவர் சொன்னார். அக்கதையே தொடராயிற்று. போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குச் செல்லும் சகோதரியின் மூன்று குழந்தைகளை, பிள்ளைகள் இல்லாத ஒரு கணவனும் மனைவியும் ஏற்கின்றனர். தொடரை உருவாக்கிய லாரி வில்மோருக்கு அதன் முதற்பகுதியை எழுதியதற்காக 2002இல் எம்மி விருது கிடைத்தது.

அத்தொடரின் இரண்டு உத்திகள் இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, அதில் பதிவு செய்யப்பட்ட சிரிப்பொலி இல்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று பார்வையாளருக்கு யாரும் கட்டளையிடவில்லை. இரண்டாவது, பெர்னி மேக் தன் வீட்டு நாற்காலியில் அமர்ந்து ஒளிப்பதிவுக் கருவியை நேராகப் பார்த்து, நாட்டையே பெயர் சொல்லி விளித்துத் தன் குறைகளைச் சொல்வார். குழந்தைகளிடம் தான் காட்டும் கடுமையை நியாயப்படுத்துவார். சில வேளை தன் தோல்வியை ஒப்புக்கொள்வார். வீடு அவருடையது, நாற்காலி அவருடையது. நாடு அங்கே விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்த இடத்திற்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்தப் பாதை எங்கே தொடங்கியது என்பதும் நினைவுகூரத்தக்கது. 1928இல் வானொலியில் தொடங்கிய ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’யில் கறுப்பினத்தவரின் குரலை வெள்ளையர் இருவர் போலி செய்து பேசினர். 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பின நடிகர்கள் நடித்தனர். ஆயினும் பாத்திரங்கள் பழைய கேலிச் சித்திரங்களாகவே இருந்தன. கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அதை எதிர்த்தது, 1953இல் தொடர் நிறுத்தப்பட்டது. 1972இல் வந்த ‘சான்ஃபர்ட் அண்ட் சன்’ வேறொரு நிலைக்கு நகர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் பழைய பொருள் வாங்கி விற்கும் முதியவராக ரெட் ஃபாக்ஸ் நடித்தார். அவருடைய இயற்பெயர் ஜான் எல்ராய் சான்ஃபர்ட். தொடரின் தலைப்பில் நின்றது அவருடைய குடும்பப் பெயரே. உடைசல்கள் குவிந்த வீடுதான். ஆனாலும் அதன் வாசலில் அவர் பெயர் இருந்தது. இரவல் குரலிலிருந்து சொந்தப் பெயருக்கும், அங்கிருந்து சொந்த நாற்காலிக்கும் நிகழ்ந்த நகர்வு இது.

இந்த அளவுகோலோடு திருவனந்தபுரத்திற்கு வரலாம். தென் திருவிதாங்கூரின் கிராமங்களில் காக்காரிசி நாடகம் என்றொரு நாட்டார் கலை உண்டு. தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் அமைந்த அங்கத நாடகம் அது. சிவனும் பார்வதியும் ஊர் ஊராகத் திரியும் காக்கானாகவும் குறி சொல்லும் காக்காத்தியாகவும் மண்ணுக்கு வருகின்றனர். தம்புரான் அவர்களை நிறுத்தி, யார், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று விசாரிக்கிறார். நாடகத்தின் நகைச்சுவை முழுவதும் அந்த விசாரணையில் பிறக்கிறது. நிலமும் வீடும் உள்ளவர் கேட்கிறார். இரண்டும் இல்லாதவர் வார்த்தைகளைப் புரட்டிப்போட்டு விடை சொல்கிறார். இப்பகுதியின் நகைச்சுவைக்குத் தொடக்கப் புள்ளி ஒன்றைத் தேடினால், வீடற்றவர் வீடுள்ளவரின் வாசலில் நின்று பேசும் இந்தப் பேச்சைச் சொல்லலாம்.

மலையாளத் திரையின் முதல் கதாநாயகியான பி.கே. ரோசி இந்தக் காக்காரிசி மரபிலிருந்து வந்தவர் என்பது பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி. திருவனந்தபுரத்தில் புலையர் சமூகத்தில் பிறந்த அவரை, ஜே.சி. டேனியல் தம்முடைய ‘விகதகுமாரன்’ மௌனப் படத்தில் நாயர் குடும்பப் பெண்ணாக நடிக்க வைத்தார். படம் திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் திரையிடப்பட்ட ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் ஆய்வாளர்கள் இருவிதமாகக் குறிக்கின்றனர். விளைவு குறித்துக் கருத்து வேறுபாடு இல்லை. தலித் பெண் ஒருத்தி நாயர் வீட்டுப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைச் சாதி இந்துக்களால் தாங்க முடியவில்லை. திரை கல்லெறிபட்டது. ரோசியின் வீடு கொளுத்தப்பட்டது. அவர் நகரை விட்டுத் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பிச் சென்றார். பிறகு நாகர்கோவிலில் வேறொரு பெயரில் வாழ்ந்து மறைந்தார். திரையில் இன்னொரு வீட்டுக்குள் நுழைந்ததற்காக மெய்யான வீட்டை இழந்தவர் அவர். மலையாளக் காட்சி ஊடகத்தின் வரலாறு இந்த எரிந்த வீட்டிலிருந்து தொடங்குகிறது என்பதை நினைவில் கொண்டால்தான் அதற்குப் பின் வந்த வீடுகளை அளக்க முடியும்.

அதே நகரில் நகைச்சுவைக்கு இன்னொரு பரம்பரையும் இருந்தது. நாவலாசிரியர் சி.வி. ராமன் பிள்ளை பிரகசனங்கள் எழுதினார். அவருடைய மருமகன் ஈ.வி. கிருஷ்ண பிள்ளை மலையாள நகைச்சுவை எழுத்தின் முதன்மையான பெயர்களுள் ஒன்று. ஈ.வி.யின் மகன் அடூர் பாசி மலையாளத் திரையின் மாபெரும் நகைச்சுவை நடிகர். நாடகாசிரியர் ஜகதி என்.கே. ஆச்சாரியின் மகன் ஜகதி ஸ்ரீகுமார் அடுத்த தலைமுறையின் அரசர். இவர்களுடைய கலையின் உயர்வில் ஐயமில்லை. ஆனால் இப்பரம்பரையில் சிரிப்பு படித்த வீடுகளுக்குள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது. காக்கானின் சிரிப்புக்கு அத்தகைய கைமாற்றம் வாய்க்கவில்லை. அது கோயில் திருவிழாவுக்கும் தெருவுக்கும் உரியதாகவே நின்றது.

இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு வழியைத் திறந்தது மிமிக்ரி. கொச்சியின் கலாபவன் 1981இல் ‘மிமிக்ஸ் பரேட்’ என்னும் மேடை வடிவத்தைத் தொடங்கிவைத்த பிறகு, உழைக்கும் குடும்பங்களின் இளைஞர்கள் பெருந்தொகையாக மேடையேறினர். சாலக்குடியில் ஆட்டோ ஓட்டிய கலாபவன் மணி அவ்வழியே வந்து தென்னிந்தியத் திரை முழுவதும் அறியப்பட்டார். ஆயினும் மிமிக்ரிக்கு ஓர் உள் வரம்பு உண்டு. அது பிறர் குரலில் பேசும் கலை. நடிகர்களின் குரல், தலைவர்களின் குரல், பறவை விலங்குகளின் குரல் எல்லாம் கலைஞரின் தொண்டையில் வந்து தங்கிச் செல்லும். அவருடைய சொந்தக் குரலுக்கு அங்கே பணி குறைவு. மணியின் புகழ் நிலைத்தது அவர் தம் சொந்தக் குரலில் பாடிய நாட்டுப்பாடல்களால் என்பது இவ்விடத்தில் பொருளுடையது.

திருவனந்தபுரத்துக்காரருக்கு மிமிக்ரி மேடையில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. அவருடைய சொந்தக் குரலே மற்ற கேரளத்தவருக்கு ஒரு மிமிக்ரிப் பொருள். ‘தள்ளே’, ‘அப்பி’, ‘எந்தரு’, ‘பயலுகள்’ என்று அந்தப் பேச்சு மேடையில் ஒலித்த உடனே கொச்சியிலும் திருச்சூரிலும் சிரிப்பு எழும். அச்சில் வழங்கும் மலையாளம் செவ்விய மொழியென்றும் தெற்கத்திப் பேச்சு சிதைந்த மொழியென்றும் ஒரு மதிப்பீடு அச்சிரிப்பின் அடியில் இருக்கிறது. ‘பயல்’ என்னும் சொல்லில் சிதைவு ஏதும் இல்லை என்பதைத் தமிழ் வாசகர் உடனே உணர்வர். அப்பேச்சின் ஒலியிலும் சொல்லிலும் தமிழ் கலந்திருப்பது அது கேலிக்கு உள்ளாவதற்கான காரணங்களுள் ஒன்று. கேரளத்தில் தமிழரை இழித்துரைக்க வழங்கும் ‘பாண்டி’ என்னும் சொல்லும் அதே கருவூலத்திலிருந்து வருகிறது. மனோன்மணீயம் சுந்தரனார் அமர்ந்து தமிழாராய்ந்த நகரம் இது. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தமிழ் இன்றும் ஒலிக்கும் நகரம். அந்நகரின் பேச்சில் தமிழின் நிழல் விழுவது வரலாறு. அதை நகைப்புக்குரியதாக்கியது பிற்காலத்து மொழித் தூய்மை மனப்பான்மை.

இப்பேச்சின் தலையெழுத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் சுராஜ் வெஞ்ஞாறமூடு. தம் ஊரின் பெயரையே பெயரில் சுமந்த அவர், தெற்கத்திப் பேச்சை மறைக்காமல் அதையே மேடைக் கருவியாக்கினார். 2005இல் வெளிவந்த ‘ராஜமாணிக்யம்’ படத்தில் மம்மூட்டி அந்தப் பேச்சைப் பேசி நடித்தபோது அதற்குத் துணை நின்றவர் சுராஜ். படம் பெருவெற்றி பெற்றது. தெற்கத்திப் பேச்சு கேரளம் முழுவதும் நாகரிகமாயிற்று என்றுகூடச் சொல்லப்பட்டது. ஆனால் அந்த வெற்றியின் அமைப்பை உற்று நோக்க வேண்டும். வட்டார மொழி பேசுபவராக உச்ச நட்சத்திரம் நடித்தார். அம்மொழியைப் பிறப்பிலேயே கொண்டவர் கற்றுக்கொடுப்பவராகப் பின்னால் நின்றார். ‘ஏமஸ் அண்ட் ஆண்டி’யோடு இதை நேராக ஒப்பிடுவது அநீதி, மம்மூட்டியின் பாத்திரம் கேலிச் சித்திரம் அன்று. எனினும் பேச்சுக்குக் கிடைத்த மதிப்பு அதைப் பேசுபவருக்குக் கிடைக்கக் காலம் பிடித்தது என்பது உண்மை.

அதற்கான சான்று 2013ஆம் ஆண்டுக்கான விருதுகளில் கிடக்கிறது. டாக்டர் பிஜு இயக்கிய ‘பேரறியாத்தவர்’ படத்தில் துப்புரவுத் தொழிலாளியாக நடித்ததற்காகச் சுராஜுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. அதே ஆண்டுக்கான கேரள மாநில விருதில் அவருக்குக் கிடைத்தது சிறந்த நகைச்சுவை நடிகர் விருது. நடிகர் என்று டெல்லி கண்டவரை நகைச்சுவை நடிகர் என்று திருவனந்தபுரம் கண்டது. இரண்டும் வெவ்வேறு படங்களுக்கானவை, இரண்டும் வெவ்வேறு நடுவர் குழுக்களின் முடிவுகள் என்பது சரியே. ஆனால் சொந்த ஊர் ஒரு கலைஞரை எந்த அறையில் உட்கார வைத்திருந்தது என்பதை அந்த ஆண்டின் பட்டியல்கள் காட்டிவிட்டன.

இந்தப் பின்னணியில்தான் ‘உப்பும் முளகும்’ தொடரின் வருகையை மதிப்பிட வேண்டும். ஃப்ளவர்ஸ் தொலைக்காட்சியில் 2015 டிசம்பரில் தொடங்கிய இத்தொடரில் பாலு என்னும் பாலச்சந்திரன் தம்பியாக பிஜு சோபானம் நடித்தார். மனைவி நீலுவாக நிஷா சாரங். பிஜுவின் பெயரிலுள்ள ‘சோபானம்’ காவாலம் நாராயணப் பணிக்கரின் திருவனந்தபுரம் நாடகக் குழுவைக் குறிக்கும். பல்லாண்டுகள் அக்குழுவில் பயின்ற நடிகர் அவர். பாசனின் வடமொழி நாடகங்களை மேடையேற்றிய குழுவின் நடிகர், நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பேச்சோடு ஒரு சோம்பேறித் தந்தையாக நாள்தோறும் வீடுகளுக்குள் வந்தார். படப்பிடிப்பு கொச்சியில் நடந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் தெற்கத்திப் பேச்சு விருந்தாளியாக இல்லை.

தொடரின் சாதனை எளிய ஒன்று, எளிமையாலேயே பெரியது. பாலு பேசும்போது அவர் பேச்சைக் கேட்டு அந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. பொறுப்பின்மைக்காகத் திட்டுகிறார்கள், பொய்க்காகப் பிடிக்கிறார்கள், அவருடைய திட்டங்கள் கவிழும்போது சிரிக்கிறார்கள். சிரிப்பு குணத்திலிருந்தும் நிகழ்ச்சியிலிருந்தும் எழுகிறது, உச்சரிப்பிலிருந்து எழுவதில்லை. ஒரு பேச்சுக்கு வீடு கிடைத்ததன் முதல் அடையாளம் இதுவே. அப்பேச்சில் கோபப்படலாம், கெஞ்சலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பதறலாம். மேடைத் துணுக்கு ஒன்றில் மூன்று நிமிடம் வந்துபோகும் தெற்கத்திப் பாத்திரத்துக்கு இந்த வசதி கிடையாது. பெர்னி மேக்கின் நாற்காலி செய்த வேலையைப் பாலுவின் வீட்டுக் கூடம் செய்தது.

கோழிக்கோட்டுப் பக்கத்திலும் இதற்கொரு இணை உண்டு. மீடியா ஒன் தொலைக்காட்சியின் ‘எம்80 மூசா’வில் வினோத் கோவூர் மீன் விற்கும் மூசாவாகவும் சுரபி லட்சுமி அவர் மனைவி பாத்துவாகவும் நடித்தனர். மலையாளத் திரைப்படத்தில் பல காலம் துணைப் பாத்திரமாகவோ கேலிப் பாத்திரமாகவோ வந்துபோன மலபார் முஸ்லிம் உழைப்பாளிக்கு, தொலைக்காட்சி அவ்வழியே ஒரு வீட்டைக் கட்டிக்கொடுத்தது. சந்தைக்கு எம்80 வண்டியில் சென்று திரும்பும் மனிதரின் பொருளியல் கவலைகள் அதில் நகைச்சுவையின் கச்சாப்பொருளாயின. சான்ஃபர்டின் உடைசல் வீட்டுக்கு மலையாளத்தில் மிக நெருக்கமான உறவு இதுவாகலாம்.

தெற்கத்திப் பேச்சுக்கு வீடு கிடைத்தது. மலபார் முஸ்லிமுக்கும் கிடைத்தது. அடுத்த வினா தவிர்க்க முடியாதது: ரோசியின் சமூகத்துக்கு? பாலுவின் குடும்பப் பெயர் தம்பி. வட்டாரத்தால் விளிம்பில் இருந்த பேச்சு, சாதியால் நடுவில் இருக்கும் பெயரைத் துணைக்கொண்டே வீட்டுக்குள் வந்தது. மலையாளத் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற வீட்டு நகைச்சுவைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், தலித் நகைச்சுவைக் கலைஞர் ஒருவரைத் தலைவராகவும் தலித் வீடொன்றை நிலைக்களமாகவும் கொண்ட தொடர் அந்த வரிசையில் இடம்பெறவில்லை. அதே தொலைக்காட்சிகளின் துணுக்கு நிகழ்ச்சிகளிலோ கறுத்த தோலும் பருத்த உடலும் பெண் வேடமிட்ட ஆணும் தமிழ் பேசும் வேலையாளும் சலிக்காத சரக்குகள். வாசலில் நின்று சிரிக்க வைக்க அழைப்பு உண்டு. கூடத்தில் உட்காரும் அழைப்பு இன்னும் வரவில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுப்பு, நகைச்சுவைக்குச் சாதி இல்லை என்பது. பார்வையாளர் சிரிக்கும்போது கலைஞரின் சாதியை எண்ணுவதில்லை என்பர். எண்ண வேண்டியதில்லை என்பதே சிக்கல். பாத்திரத்தின் பெயர், வீட்டின் அமைப்பு, பூசையறை, திருமணப் பேச்சு, சொந்த ஊர்த் தறவாட்டு நினைவு ஆகியவை சாதியைச் சொல்லாமலே சொல்லிவிடுகின்றன. பொதுவான வீடு என்று காட்டப்படுவது ஏற்கெனவே ஒரு குறிப்பிட்ட வீடு. அமெரிக்கத் தொலைக்காட்சியும் 1950களில் வெள்ளையர் வீட்டைப் பொதுவான வீடு என்றே எண்ணியது.

இன்னொரு மறுப்பு வலுவானது. கறுப்பின அறிஞர்களிடையே பல்லாண்டுகள் விவாதிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோருக்கு வீடு கொடுப்பதாலேயே நீதி கிடைத்துவிடுமா? 1984 முதல் 1992 வரை ஓடிய ‘தி காஸ்பி ஷோ’ மருத்துவத் தந்தையும் வழக்கறிஞர் தாயும் கொண்ட செழிப்பான கறுப்பினக் குடும்பத்தைக் காட்டியது. அதன் பார்வையாளர்களை ஆராய்ந்து சட் ஜாலி, ஜஸ்டின் லூயிஸ் இருவரும் 1992இல் வெளியிட்ட நூல் ஒரு கசப்பான முடிவுக்கு வந்தது. திரையில் வெற்றி பெற்ற குடும்பத்தைக் கண்ட வெள்ளையர் பலர், இனப் பாகுபாடு முடிந்துவிட்டது, இனியும் பின்தங்குவோர் தம் குறையாலேயே பின்தங்குகின்றனர் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்திக்கொண்டனர். வீடு நற்சான்றிதழாக மாறும்போது அதுவே ஆயுதமாகிவிடுகிறது. கேரளத்திலும் இந்த இடர் உண்டு. முன்னேற்றத்தின் பெருமைக் கதையைத் தன்மேல் போர்த்திக்கொண்ட சமூகம், தொலைக்காட்சியில் ஒரு நல்ல தலித் வீட்டைக் கண்டதும் கணக்கு முடிந்தது என்று எழுதிவிடக்கூடும்.

காஸ்பியின் பிற்காலம் மற்றொரு எச்சரிக்கை. ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மீது பாலியல் குற்றம் சாட்டினர். ஒரு வழக்கில் 2018இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2021இல் பென்சில்வேனிய உச்ச நீதிமன்றம் நடைமுறைக் காரணத்தால் அத்தீர்ப்பை நீக்கியது. சட்டம் எங்கு நின்றாலும், அந்த வீட்டைப் பழையபடி பார்ப்பது பலருக்கு இயலாமற்போயிற்று. ஒரு சமூகத்தின் திரை வீட்டை ஒரே மனிதரின் தோளில் நிறுத்தினால், அவர் சாயும்போது மற்ற நடிகர்களின் உழைப்பும் சேர்ந்து சாய்கிறது. நகைச்சுவைக் கலைஞரைச் சுற்றிக் கட்டப்படும் தொடர்களின் அடிப்படை பலவீனம் இது.

ஆகவே கோரிக்கையைத் திருத்திச் சொல்ல வேண்டும். தலித் முகம் ஒன்று கூடத்தில் உட்கார்ந்தால் போதாது. வீட்டின் வரைபடம் வரையும் இடத்திலும் அச்சமூகம் இருக்க வேண்டும். யார் எழுதுகிறார், யார் இயக்குகிறார், எந்த நகைச்சுவையை வெட்ட வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார் என்பதே வீட்டின் பட்டா. பெர்னி மேக் தொடரிலும் இந்தப் பட்டா முழுமையாக இல்லை. விருது பெற்ற வில்மோரே நிறுவனத்தோடு ஏற்பட்ட முரண்பாட்டால் அத்தொடரின் பொறுப்பிலிருந்து நீங்க நேர்ந்தது. நாற்காலி கறுப்பினக் கலைஞருடையது, நிலம் நிறுவனத்துடையது. இருந்தும் ஐந்து ஆண்டுகள் அந்த நாற்காலியிலிருந்து ஒரு மனிதர் தம் குறைகளோடும் கோபத்தோடும் பேசினார். நல்லவராகக் காட்டிக்கொள்ள வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. காஸ்பியின் வீட்டைவிட அவருடைய வீடு நம்பத்தகுந்ததாக இருந்ததற்குக் காரணம் அந்தச் சுதந்திரமே. பாலுவுக்குச் சோம்பேறியாக இருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமை தலித் பாத்திரத்துக்கும் வேண்டும். இழிவாகவோ முன்மாதிரியாகவோ மட்டும் வாழும் நிலை நீங்க வேண்டும்.

இதைத் தமிழ்ப் பார்வையாளர் தொலைவிலிருந்து பார்த்துக் குறைகூறவும் இடமில்லை. தமிழ்த் தொலைக்காட்சியின் வீட்டு நகைச்சுவையில் பெரும்பகுதி சென்னை சபா நாடகங்களின் கூடங்களிலிருந்து வந்தது. மதுரைப் பேச்சால் தமிழ்நாட்டையே ஆண்ட வடிவேலுவின் திரைப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தால், அவர்களில் எத்தனை பேருக்கு நிலையான வீடு இருந்தது? தெருவில் அடிபட்டு, தெருவில் சிரிக்க வைத்து, தெருவிலேயே மறைந்தவர்கள் அவர்கள். அந்த மாபெரும் கலையைச் சுற்றி ஒரு வீட்டுத் தொடர் எழுதப்பட்டிருந்தால் தமிழ் நகைச்சுவையின் வரலாறு வேறாகியிருக்கும்.

ஆய்வு மாணவர்களுக்கு இவ்விடத்தில் செய்யத்தக்க பணி நிறைய உண்டு. ஒரு தொடரின் நூறு பகுதிகளை எடுத்துக்கொண்டு, யார் எந்த வாசல் வழியே வருகிறார், யார் உட்காருகிறார், யார் நின்றுகொண்டே பேசிச் செல்கிறார், யாருக்குத் தேநீர் தரப்படுகிறது என்று குறித்துவைத்தாலே சமூகவியல் தானே வெளிப்படும். சிரிப்பு எழும் ஒவ்வொரு இடத்திலும் அது உச்சரிப்பாலா, உடலாலா, நிகழ்ச்சியாலா, குணத்தாலா என்று வகைப்படுத்தலாம். காக்காரிசி நாடகத்தின் விசாரணைக் காட்சிக்கும் இன்றைய துணுக்கு நிகழ்ச்சிகளின் வாசற்காட்சிக்கும் உள்ள உறவை ஆராயலாம். தமிழும் மலையாளமும் அறிந்தவரே அதைச் செவ்வையாகச் செய்ய முடியும். காரியவட்டத்தில் தமிழ்த் துறையும் மலையாளத் துறையும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இந்நகரத்தைவிட அதற்கு உகந்த இடம் வேறு எது?

ரோசியின் பெயரால் திரைப்படக் கழகம் ஒன்று 2019இல் அமைந்தது. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து நினைவுகூர்ந்தது. இந்த மரியாதைகள் தேவையானவை; காலந்தாழ்ந்து வந்தவை. ஆனால் அவர் கற்றது காக்காரிசியின் சிரிப்பு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அந்தச் சிரிப்பைத் தம் உடைமையாகக் கொண்ட கலைஞர் ஒருவர், தம் சொந்தப் பெயரோடும் சொந்தப் பேச்சோடும், தம் ஆட்களே எழுதிய வீட்டில், தம் நாற்காலியில் அமர்ந்து கேரளத்தை விளித்துப் பேசும் நாள் வர வேண்டும். தம்புரான் கேள்வி கேட்டுக் காக்கான் விடை சொன்ன காலம் போதும். இனி காக்கானின் கூடத்தில் தம்புரான் வந்து உட்கார்ந்து கேட்கட்டும்.